தனி விட்டால் காபி

எங்கள் வீட்டில் என்னுடைய ஒரு முகத்துக்கு 'அரங்கேற்ற முகம்' என்று பெயர். சொந்தக்காரர் வீட்டுப் பெண்கள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்கிற நாட்களில் அதை மாட்டிக்கொண்டு போவேன். புருவம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இறங்காமல் நிற்கும், தலை தன்பாட்டுக்கு ஆடும். உள்ளே நான் கேஸ் சிலிண்டர் புக் பண்ணிவிட்டோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நடுவில் எழுந்து பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டேன், அவ்வளவு மரியாதை. அந்த முகத்தைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தே வளர்ந்தவள் என் மகள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பகலில் அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் ஒரு ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ள அனுப்பினோம், நன்றாகவே வாசித்தாள். பெங்களூர் போனதும், கைக்கு மட்டும் வேலை இருந்தால் போதாது என்று காலுக்கும் வேலை இருக்கிற வாத்தியத்துக்கு மாறிவிட்டாள். அவர்கள் கச்சேரி ஆரம்பிக்கிற நேரத்தில் நான் தூங்கிவிடுவேன். கச்சேரி நடக்கிற பார், பப் மாதிரி இடங்களில் என் மனைவி கால் வைக்க மாட்டாள். அதனால் மகள் டிரம்ஸ் வாசித்து நாங்கள் நேரில் கேட்டதில்லை. வீடியோ அனுப்புவாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலுக்கு அனுப்புவேன். அதுவும் அரங்கேற்ற முகம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"திருச்சியில ஒரு காலேஜ்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்கப்பா, ஜனவரியில" என்றாள். "இஷ்டம் இருந்தா வாங்க. பொண்ணு வாசிக்கிறாளேன்னு கடமைக்கு வந்து அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதா இருந்தா வேண்டாம். நீங்க வரலைன்னாக்கூட நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். மேடையிலேருந்து அந்த மூஞ்சியப் பாத்தேன்னா எனக்குக் கை ஓடாது."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நாற்பது வருடமாகச் சபா நாற்காலிகளைத் தேய்த்தவன் நான். பாடுகிறவர் தாளத்தில் ஒரு மயிரிழை நழுவினாலும் என் தொடை கண்டுபிடித்துவிடும். என்னைப் பார்த்து இவள் கேட்கத் தெரியாதவன் என்கிறாள். ஆனால் அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டல் லிஃப்ட்டில் ஓடுகிற சத்தம் என்பதுதான் என் ஞானம். ஜனவரிக்குள் நிஜமான ஒரு முகத்தைச் சம்பாதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் கடமை என்று பெயர் வைப்பாள்.

மேலப்புதூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் வேதியியல் எடுத்த கல்லூரியில் அவர் ஆங்கிலம் எடுத்தார். இப்போது இரண்டு பேரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். அவருடைய மாமா கப்பலில் வேலை பார்த்தவர், போகிற துறைமுகத்தில் எல்லாம் ஜாஸ் ரெக்கார்டு வாங்கிக் குவித்து, கடைசியில் அத்தனையையும் மருமகன் தலையில் கட்டிவிட்டுப் போனவர். நான் விஷயத்தைச் சொன்னதும் நண்பர் சிரிக்கவில்லை, நிபந்தனை போட்டார். வாரம் ஒரு ரெக்கார்டு, பழைய காலத்திலிருந்து வரிசையாக. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. "புடிச்சுதா புடிக்கலையான்னு மட்டும் சொல்லுங்க சார். ராகம் சொல்லாதீங்க" என்றார். தன்னால் முட்டி வலியில் எழுந்து போய் ரெக்கார்டைத் திருப்பிப் போட முடியவில்லை என்று ரெக்கார்டு பிளேயரையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

முதல் ரெக்கார்டு ஜாஸ் பிறந்த காலத்தது. டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒரே நேரத்தில் பேசின. "யாராவது ஒருத்தர் மொதல்ல பேசி முடிக்கட்டுமே" என்றாள் என் மனைவி. அவளை நான் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் சமையலறைக்குக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. இரண்டு நாள் முகம் சுளித்தவள் மூன்றாவது நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, அந்தச் சின்னக் குழல்காரன் தேவலாம், மற்றவர்கள் மூச்சு விடுகிற இடமாகப் பார்த்துப் பேசுகிறான் என்றாள். நான் அதுவரை அப்படி ஒருவன் இருப்பதையே கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள். ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் நான் வாய் தவறி, ரெண்டாவது பாட்டில் மோகன ராகத்தின் சாயல் என்று சொல்லிவிட்டேன். நண்பர் எடுத்து வைத்திருந்த கேக் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது ஸ்விங் காலம். மேடை நிறைய ஆட்கள், பித்தளை வாத்தியங்கள் வரிசை வரிசையாக எழுந்து முழங்கும். இந்த ரெக்கார்டு ஓடினால் என் மனைவிக்கு வீட்டு வேலை பாதி நேரத்தில் முடிந்தது. இதில்தான் முதல் தடவையாக மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாகக் கிளம்பியது. கிளம்பியதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவள் காபி கலக்கப் போனாள், நான் பால்கனிக்குப் போய்த் துண்டை மடித்து எடுத்து வந்தேன். டிரம்பெட்டுகள் திரும்ப வந்தபோது ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

கச்சேரி கேட்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் பெரிய பாட்டு முடிகிற கட்டத்தில் பாடகர் மேடையை மிருதங்கக்காரரிடம் விட்டுவிட்டு ஓய்வு எடுப்பார். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். "தனி விட்டாச்சு" என்று யாராவது முணுமுணுத்தால் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேண்டீனுக்கு நடப்பார்கள். கேண்டீன்காரரும் மிருதங்கச் சத்தத்தை வைத்துத்தான் பஜ்ஜியை எண்ணெயில் போடுவார். இதில் அவமரியாதை என்று யாரும் நினைப்பதில்லை. அது ஒரு பழக்கம். காபி குடிக்கிறவர்கள் ஒரு காதை உள்ளேயே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். மோரா என்று ஒரு கட்டம் உண்டு, தனி முடியப்போகிறது என்பதற்கு அடையாளம்; அது காதில் விழுந்ததும் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்து, கடைசி அடியில் மொத்த அரங்கோடும் சேர்ந்து கை தட்டுவார்கள். என் மகளும் பாவாடை கட்டிய வயதிலிருந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு கேண்டீனுக்கு வந்தவள்தான். மிருதங்க வாத்தியார் அதற்காக அவளை ஒரு தடவை நன்றாகத் திட்டினார்.

எனவே எங்கள் வீட்டு ஜாஸ் படிப்பில் டிரம்ஸ் தனியாக ஒலித்தால் காபி கலக்கிற நேரம், அல்லது மணப்பாறை முறுக்கு எடுத்து வருகிற நேரம் என்று ஓர் ஒழுங்கு தானாக வந்துவிட்டது.

அடுத்து பாடகிகள் வந்தார்கள். முதலில் ஒரு அம்மாள்; அழுது முடித்துவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்ந்தவள் மாதிரி ஒரு குரல். எனக்கு அவள் பேரில் கோபம்தான் வந்தது. தாளம் ஒரு இடத்தில் விழும், இவள் சாவகாசமாகக் கொஞ்சம் பின்னால் வருவாள். ஒரு வரியில் இல்லை, எல்லா வரியிலும். "தாளமே நிக்கலை" என்று தொடையைத் தட்டிக் காட்டினேன். என் மனைவி சொன்னாள்: "சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களும் தினம் லேட்டாத்தான் போவீங்க. என்னைக்காவது பஸ்ஸ விட்டிருக்கீங்களா?" மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு பஸ்ஸையும் விடவில்லை. வேண்டுமென்றே தாமதிக்கிறாள், அந்தத் தாமதத்தில்தான் துக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அதே பக்கத்தை நாலைந்து முறை கேட்டோம்.

அதற்கு அடுத்த பாடகி நடுவில் வார்த்தைகளை எல்லாம் உதறிவிட்டு, அர்த்தமில்லாத சொற்களை அள்ளி வீசிப் பாடினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுரம் பாடுகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு கவனித்தால் வாயில் வருவது ஒரு எழுத்து, குரல் நிற்கிற இடம் வேறு சுரம். 'பா' என்கிறாள், நிற்பது 'ரி'யில். இப்படியும் ஒரு அராஜகமா என்று எழுந்து நடந்தேன். என் மனைவியோ துணி மடிக்கும்போது அதே மாதிரி பாடிப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது, நான் சொல்லவில்லை.

நாற்பதுகளின் சாக்ஸபோன்காரர்கள் வந்தபோது மாடிப்படியில் எவர்சில்வர் பாத்திரங்கள் உருளுவது போல ஒரு வேகம். பிடிக்கவில்லை என்று நண்பரிடம் நேராகச் சொன்னேன். இரட்டைக் கேக் கிடைத்தது. ஐம்பதுகளில் ஒருவர் டிரம்பெட் வாயை அடைத்துக்கொண்டு ரகசியம் பேசுகிற மாதிரி வாசித்தார். அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன். என்னிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அறுபதுகளில் வந்த ஒரு சாக்ஸபோன் ரெக்கார்டுதான் என்னை வசமாகப் பிடித்தது. ஒரு பக்கம் முழுக்க அந்த மனிதர் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், விட்டுப் போனார், திரும்பி வந்தார், கெஞ்சினார். ஆலாபனை என்று வேறு எதைச் சொல்வது? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பார்த்து டிரம்ஸ் தனியாக ஆரம்பித்ததால் முகம் கழுவிக்கொண்டு வர வசதியாக இருந்தது.

எழுபதுகளின் மின்சார ஜாஸை வாங்கிய அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தக் காலத்துப் பாடகிகளைப் போனில் கேட்டோம். அவர்களில் ஒருத்தி பியானோவை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி பாடினாள். என் மனைவிக்கு இன்றைக்கும் அவள்தான் காலை நேரத்துத் துணை.

இதற்கு நடுவில் கை தட்டுகிற பயிற்சி வேறு. ஜாஸில் ரெண்டாவது எண்ணிக்கையிலும் நாலாவதிலும்தான் தட்ட வேண்டுமாம். என் கையோ பிறந்ததிலிருந்து முதல் எண்ணிக்கையில் விழுந்து பழகியது. டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தொடையில் பழகிப் பார்த்தேன். பாலத்தில் ஒருநாள் பக்கத்துச் சீட்டுக்காரர், கை இழுத்துக்கொள்கிறதா, இறங்கி டாக்டரைப் பார்க்கிறீர்களா என்று விசாரித்தார்.

ஜனவரி நெருங்கியபோது எனக்கு ஒரு புதுக் கவலை பிடித்தது. திருச்சியில் ஜாஸ் கேட்க யார் வருவார்கள்? காலி நாற்காலிகளுக்கு முன்னால் என் பெண் வாசிப்பதை என்னால் பார்க்க முடியாது. சபா சிநேகிதர்கள் எல்லாருக்கும் போன் போட்டேன். யார் பாட்டு என்று கேட்டார்கள். பாட்டு கிடையாது, சாக்ஸபோன் என்றேன். நம்ம பொண்ணு என்ன செய்கிறாள் என்றார்கள். டிரம்ஸ் என்றேன். "ஓ, பக்கவாத்தியம்" என்றார்கள். ஒவ்வொருவரும் அதே வார்த்தையைச் சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிந்தது. ஆனாலும் வருகிறோம் என்றார்கள். கச்சேரியை நடத்துகிற கல்லூரிப் பிள்ளைகளையும் போய்ப் பார்த்து, இந்த ஊரில் காபி இல்லாமல் கச்சேரி நிற்காது என்று சொல்லி, வராண்டாவில் காபி பஜ்ஜிக்கு நானே ஒரு சமையல்காரரை ஏற்பாடு செய்தேன்.

கச்சேரி அன்று முன்வரிசைகள் மூன்றும் என் ஆட்கள். சால்வை, பிளாஸ்க், குல்லா சகிதம் வந்திருந்தார்கள். பின்னால் மாணவர்கள். மேடையில் சாக்ஸபோன், பியானோ, பாஸ் என்று மூன்று பெங்களூர்ப் பையன்கள், பின்னால் டிரம்ஸ் நடுவில் என் மகள். அவர்கள் ஆரம்பித்ததும் என் சிநேகிதர்கள் தொடையில் ஆதி தாளம் போட்டார்கள். நான் மட்டும் ரெண்டிலும் நாலிலும் தட்டினேன், பிசகாமல். சாக்ஸபோன் பையன் வேண்டுமென்றே தாமதித்த ஒரு இடத்தில் என் வாயிலிருந்து "ஆஹா" வந்துவிட்டது. என் மகள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு எதுவும் ஒட்டவைத்ததாக இல்லை. எனக்குள் அப்படி ஒரு நிம்மதி.

மூன்றாவது உருப்படி நீளமானது. சாக்ஸபோன் பையன் வாசித்து முடித்துப் பக்கவாட்டில் ஒதுங்கினான். பியானோ நின்றது. பாஸ் நின்றது. டிரம்ஸ் மட்டும் தனியாகக் கிளம்பியது.

"தனி விட்டாச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் எழுந்தேன். என் மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்களைத் தொடர்ந்து மூன்று வரிசையும் எழுந்தது. மாணவர்கள் வழி விட்டார்கள். வராண்டாவில் சமையல்காரர் காபியை ஆற்றி அடுக்கி வைத்திருந்தார், பஜ்ஜி சூடாக இருந்தது. கச்சேரி களை கட்டிவிட்டது என்று ஒருவர் என் கையைக் குலுக்கினார். நான் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, அந்தப் பையனுடைய சாக்ஸபோன் எந்தக் காலத்துப் பாணி என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி டம்ளரை வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். "ஏங்க, உள்ள யாரு வாசிக்கிறா?"

"டிரம்ஸ்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதம் வாரம் தவறாமல் ஜாஸ் கேட்டிருக்கிறோம். டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணைப் பெற்றவர்கள், அத்தனை ரெக்கார்டிலும் டிரம்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து போயிருக்கிறோம். பாதிப் பஜ்ஜியைத் தட்டில் போட்டேன்.

ஓடினேன். வாசலில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்றதால் கதவைத் தாண்ட முடியவில்லை. தலைகளுக்கு இடையில் பார்த்தேன். முன்னால் மூன்று வரிசை நாற்காலிகள் வெறிச்சென்று கிடந்தன. பெங்களூர்ப் பையன்கள் பேயறைந்தவர்களாக நின்றார்கள். என் மகள் வாசித்துக்கொண்டே அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். இந்த முகத்தைப் பார்த்தால் கை ஓடாது என்றவள், இப்போது முகமே இல்லாத நாற்காலியைப் பார்க்கிறாள்.

அவள் குச்சிகளைக் கீழே வைத்தாள். வெறும் கையால் வாசிக்க ஆரம்பித்தாள். பெரிய டிரம்மில் உள்ளங்கை, சின்னதில் விரல்கள். ஒரு சுற்று வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மோரா வாசிக்கிறாள்.

வராண்டாவில் பேச்சு நின்றது. டம்ளர்கள் மேஜையில் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மொத்தக் கூட்டமும், சால்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னையும் மாணவர்களையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. யாரும் யோசித்து ஓடவில்லை. அவர்கள் கால்களுக்கு நாற்பது வருடப் பழக்கம். தனியை முடிக்கிற கோர்வையை மூன்று தடவை வாசிப்பது வழக்கம்; அவள் மூன்றாவது தடவை வாசித்தபோது எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. முடிகிற அடியில் அரங்கம் முழுக்க ஒரே கை விழுந்தது. சாக்ஸபோன் பையன் மட்டும் உள்ளே நுழைய ஒரு சுற்றுத் தாமதித்தான்.

கச்சேரி முடிந்து அவள் வியர்வையோடு எங்களிடம் வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"கடமைக்கு வந்திருந்தா நீங்க எந்திரிச்சிருக்க மாட்டீங்கப்பா. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருப்பீங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் விடவில்லை. "சரி, என் தனி எப்படி இருந்துச்சு?"

பிரமாதம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த முகமும் தயாராக வந்து நின்றது. "கடைசிப் பாதிதான் கேட்டேன். முதல் பாதியில பஜ்ஜி தின்னுட்டிருந்தேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே இறங்கிவிட்டது. பிறகு எங்களோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை என் மனைவி காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். என் மகள் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். காபிக்கு வருகிறாள் என்று நினைத்தேன். மேஜைமேல் இருந்த முறுக்கு டின்னையும் இரண்டு தட்டுகளையும் கிட்டே இழுத்துக்கொண்டாள், பையிலிருந்து குச்சிகளை எடுத்தாள்.

"நீங்க கேக்காத பாதி" என்றாள்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். என் மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மகள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், பேச்சுக் கொடுக்கிற மாதிரி. முதல் எண்ணிக்கையைத் தொடாமலே விட்டுவிட்டு வேறு இடங்களில் எல்லாம் தட்டினாள். அந்தப் பழைய பாடகி தாமதித்த மாதிரி இவளும் தாமதித்தாள். இத்தனை நாள் நான் எதை விட்டு எழுந்து போனேன் என்று அப்போது கேட்டது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

சமையலறையில் பால் பொங்கி வழிகிற சத்தம் வந்தது, பிறகு தீய்ந்த வாசனை வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.